மீர் சுல்தான் கான்

மீர் சுல்தான் கான் (இறப்பு: ஏப்ரல் 25, 1966) பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாபைச் சேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர் ஆவார். ஐந்தாண்டுகளுக்கும் குறைவான காலமே ஐரோப்பாவில் ஆடிய இவர், பிரித்தானிய வாகையாளர் பட்டத்தை 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் வென்றார்.

இளமையும் இந்திய ஆட்டமும்

இன்று பாகிஸ்தானில் உள்ள மிட்டா திவானா என்னும் ஊரில் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். அவர் கற்றது இந்திய விதிகளின்படியான ஆட்டமாகும். அதில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் (காசிலிங்) கிடையாது. மாறாக, முற்றுகைக்கு உள்ளாகும் முன் அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப் போல் தாவலாம். ஐரோப்பிய முறையிலோ அரசன் தன் பக்கமோ அரசியின் பக்கமோ இரு கட்டங்கள் நகர, அப்பக்கத்துக் கோட்டை அவனைத் தாண்டி வந்து நிற்கும். எப்பக்கம், எப்போது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டியிருப்பதால், வளர்ந்தபின் இதைப் பழகுவது எளிதன்று.

நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் இவரை ஆதரித்தார். இவர் அவரது பணியாளர் என்று பலரும் எழுதியுள்ளனர். குடும்பத்தினர் அதை மறுத்துள்ளனர். 1928இல் அகில இந்தியப் போட்டியில் வென்ற சுல்தான் கான், அடுத்த ஆண்டு உமர் ஹயாத்துடன் இலண்டன் சென்றார்.

ஐரோப்பாவில்

தொடக்க நகர்த்தல்களில் இவருக்கிருந்த குறையைப் போக்க வில்லியம் வின்டரும் பிரெடரிக் யேட்சும் பயிற்சி அளித்தனர். அவ்வாண்டே பிரித்தானியப் பட்டம் இவர் கைக்கு வந்தது. 1930, 1931, 1933 ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்தின் முதற்பலகையில் ஆடினார். 1931இல் தார்த்தகோவரைத் தனிப்போட்டியில் வென்றார்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையாளர் கப்பபிளாங்காவை வென்ற ஆட்டமே இவரது பெயரை நிலைநிறுத்தியது. கப்பபிளாங்கா 8ஆம் நகர்த்தலில் அரசன் பக்கம் கோட்டை கட்டினார். வெள்ளைக் காய்களுடன் ஆடிய சுல்தான் கான் இறுதிவரை எப்பக்கமும் கட்டவில்லை. அரசன் பக்கத்துக் காலாட்களைத் தாக்குதலுக்காக முன்னே அனுப்பிவிட்டதால் அங்கே காப்பில்லை. அரசி பக்கத்தில் கறுப்பின் இரு கோட்டைகளும் திறந்த நிரலில் அணிவகுத்து நின்றன. நடுவிலேயே நின்ற வெள்ளை அரசன் 22ஆம் நகர்த்தலில்தான் அசைந்தான். 24ஆம் நகர்த்தலில் கோட்டையொன்றைத் தானே வெட்டினான். அரசியைக் கொடுத்து இரு கோட்டைகளைப் பெற்ற வெள்ளை, நீண்ட முடிவாட்டத்திற்குப் பின் 65ஆம் நகர்த்தலில் வென்றது. அப்போட்டியில் கப்பபிளாங்கா தோற்றது இந்த ஓர் ஆட்டத்தில் மட்டுமே.

பிற்காலம்

1933 இறுதியில் உமர் ஹயாத்துடன் தாயகம் திரும்பினார். அதன்பின் ஐரோப்பாவில் ஆடவேயில்லை. 1935இல் காடில்கருடன் ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்று ஒன்றைச் சமன் செய்தார். பின்னர் சிறு நிலத்தில் வேளாண்மை செய்து வாழ்ந்து, சர்கோதாவில் காலமானார்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் பட்டங்கள் வழங்கத் தொடங்கியபோது இவர் உயிருடன் இருந்தும் எப்பட்டமும் வழங்கப்படவில்லை. 2024 பெப்ரவரியில், இறந்து 57 ஆண்டுகளுக்குப் பின்னர், மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளிக்கப்பட்டது.