காயிதே மில்லத் விட்டுச் சென்ற அமானிதம்

கிண்டிப் பகுதியில் நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளிடம் காயிதே மில்லத் யார் என்று கேட்டோம். அண்ணா சாலையிலுள்ள பெண்கள் கல்லூரியின் பெயர் என்றார்கள். அதே கிண்டியில் தாம்பரம் ரயிலேறினால் சில நிலையங்கள் தாண்டி வரும் குரோம்பேட்டையில்தான் அன்னார் வாழ்ந்தார்கள் என்பதை அப்பிள்ளைகள் அறியவில்லை. சமுதாயத்தை வழிநடத்திய ஒருவர் வெறும் கட்டடத்தின் பெயராக மிஞ்சிவிடலாகாது. ஆகவே அன்னாரின் வாழ்வைச் சுருக்கமாகத் தருகிறோம். பெரியோர் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவார்களாக!

மர்ஹூம் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் 1896 ஜூன் 5-ல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மியாகான் ராவுத்தர் மார்க்கம் கற்றவர்கள். இளமையிலேயே தந்தையை இழந்த அவர்களை அன்னையார் மார்க்கப் பற்றோடு வளர்த்தார்கள். நெல்லையிலும் திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிக் கல்வி பயின்றவர்கள், 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பட்டத்தை எட்டும் தறுவாயில் படிப்பைத் துறந்தார்கள். பிறகு சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். முஸ்லிம் லீகிலும் பணியாற்றினார்கள். 1946 தேர்தலுக்குப்பின் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார்கள்.

அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. லீகின் பெருந்தலைவர்கள் பலர் பாகிஸ்தான் சென்றுவிட்டார்கள். இங்கே தங்கிய கோடிக்கணக்கான முஸ்லிம்கள் திகைத்து நின்றார்கள். பிரிவினையின் பழி லீகின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே கட்சியைக் கலைத்துவிடுவதே நலம் என்று சமுதாயத்துக்குள்ளேயே பலர் கருதினார்கள். அவர்களது அச்சத்தைப் பொய் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் 1948 மார்ச் 10-ல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில், இந்தியாவுக்கென லீகைத் தொடர்ந்து நடத்துவதென முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் தலைமைப் பொறுப்பு இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் தோளில் ஏறியது. வபாத்தாகும்வரை அதை இறக்கி வைக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 23-ல் அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய ஷரத்து விவாதத்துக்கு வந்தது. இன்றைய அரசியல் சட்டத்தின் 44-வது ஷரத்து அதுவே. எந்தச் சமூகத்தாரும் தங்கள் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று ஒரு திருத்தத்தை அவர்கள் முன்மொழிந்தார்கள். சபை அதனை ஏற்கவில்லை. தோற்றோமென்று அவர்கள் சபையைவிட்டு விலகிவிடவில்லை. 1949-ல் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, தொன்மையும் வளமும் அளவுகோலானால் தமிழுக்கே அத்தகுதி உண்டென்று அதே சபையில் வாதாடினார்கள். தீனுக்காகப் பேசிய நாவு தாய்மொழிக்காகவும் பேசியது.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், பின்னர் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்று மக்களவையிலும் பணிபுரிந்தார்கள். மலையாளம் பேசும் மக்கள் ஒரு தமிழரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது நம்பிக்கையினாலன்றி வேறெதனால்? 1962-ல் சீனா படையெடுத்தபோது தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்ப முன்வந்தார்கள். 1967-ல் அறிஞர் அண்ணாவோடு கூட்டுச் சேர்ந்து தமிழகத்தில் ஆட்சி மாறத் துணைநின்றும், அமைச்சர் பதவி எதையும் அவர்கள் வகித்ததில்லை. சென்னைப் புதுக்கல்லூரி 1951-ல் உருவாகப் பாடுபட்டோரில் அன்னாரும் ஒருவர். 1972 ஏப்ரல் 5-ல் வபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள்.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! அன்னார் சபையில் போராடியது எதற்காக? நிக்காஹ், மஹர், தலாக், வாரிசுரிமை ஆகியவற்றில் நாம் ஷரீஅத்தின்படி நடப்பதற்காக. 1937-ம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது. அவர்கள் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த காலத்தில், 1949-ல், சென்னை மாகாணத்தில் அக்குறையும் நீக்கப்பட்டது. ஆகவே நம் பெண்மக்களுக்குத் தந்தையின் வயலிலும் தோப்பிலும் ஷரீஅத் வகுத்த பங்கு சட்டப்படியே உண்டு.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? கல்யாணத்தின்போது நகை போட்டாயிற்றே என்று சொல்லி, சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். கூடப்பிறந்தவனிடம் கணக்குப் பார்ப்பதா என்று அவளும் வாய்மூடிக்கொள்கிறாள். மஹரைப் பெயரளவுக்கு எழுதிவிட்டுக் கைக்கூலியை எண்ணி வாங்குகிறோம். சூரத்துந் நிஸாவில் அல்லாஹ் வகுத்த பங்கை அண்ணன் தம்பிகள் கூடி மாற்றுவது எந்த ஷரீஅத்?

2024-ல் உத்தராகண்ட் மாநிலம் பொது சிவில் சட்டம் இயற்றி, 2025 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. இது கேட்டு நாம் பதறுகிறோம், பதறத்தான் வேண்டும். ஆனால் வெளியார் வந்து ஷரீஅத்தை எடுத்துவிடுவார்களென்று அஞ்சும் நாம், வீட்டுக்குள் அதை நாமே எடுத்துவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டாமா? மன்றத்தில் வாதாட ஒரு தலைவர் போதும். நடைமுறையில் காப்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் வேண்டும்.

காயிதே மில்லத் அவர்கள் நம் கையில் விட்டுச் சென்ற அமானிதம் இதுவே. இவ்வாண்டு பாகப்பிரிவினை செய்யவிருக்கும் குடும்பத்தார் முதலில் ஓர் ஆலிமிடம் சென்று பங்குகளைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பிறகு பத்திர அலுவலகம் செல்லட்டும். வல்ல அல்லாஹ் அன்னாரின் கப்றை ஒளிமயமாக்கி, அவர்கள் காக்க முயன்றதை நாமும் காத்து வாழ அருள்புரிவானாக! ஆமீன்.