ரஹீம் மாஸ்டர் விட்டுச்சென்ற பாடம்

மன்னார்த் தீவின் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டியவர் மர்ஹூம் சையத் அப்துல் ரஹீம். 1909இல் பிறந்த அந்த ஹைதராபாத் ஆசிரியர், 1950 முதல் இந்தியக் கால்பந்து அணியைப் பயிற்றுவித்தார். 1951 ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காமிடம். 1962இல் புற்றுநோயுடன் போராடியவாறே ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வெல்லச்செய்து, மீண்டும் தங்கம் ஈட்டித்தந்தார். 1963 ஜூன் 11ஆம் திகதி மறைந்தார். அத்தங்கம் இன்றுவரை இந்தியாவுக்கு மீளவும் கிட்டவில்லை.

வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி, 2022 ஆகஸ்டில் இந்தியச் சம்மேளனத்தையும் 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தையும் பீபா இடைநிறுத்தியது. இரு தடைகளும் பின்னர் நீங்கின. ஆயினும், இடைப்பட்ட காலத்தை இழந்தவர்கள் வீரர்களும் ரசிகர்களுமே. பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் பந்தின் பின்னே ஓடும் சிறுவருக்கு ரஹீம் போன்றோர் வாய்க்கவேண்டுமாயின், நிருவாகிகளிடம் கணக்குக் கேட்கும் கடமையை விளையாட்டுப் பத்திரிகையாளர் மறத்தலாகாது.