இட்லி நம்ம ஊர் உணவு இல்லையா? இந்தச் சண்டையைத் தொடங்கி வைத்த கே.டி.அச்சயா யார்?

மார்ச் 30, உலக இட்லி தினம் வந்தாலே சமூக வலைதளங்களில் சண்டை களைகட்டிவிடும். இட்லி தமிழ்நாட்டுடையது என்பார்கள் சிலர். இல்லை, கர்நாடகாவுடையது என்பார்கள் வேறு சிலர். ரெண்டுமே இல்லை, அது இந்தோனேசியாவிலிருந்து வந்தது என்று மூன்றாவதாக ஒரு கூட்டம் வரும். அவர்கள் ஆதாரமாகக் காட்டும் பெயர் கே.டி.அச்சயா. யார் இவர்? உண்மையிலேயே என்ன சொன்னார்?

எண்ணெயில் தொடங்கிய பயணம்

அச்சயா 1923-ல் கொள்ளேகாலில் பிறந்தார். இப்போது கர்நாடகாவில் இருக்கும் இந்த ஊர், அன்றைக்கு சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது.

அவர் சமையல்காரரும் இல்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. படித்தது வேதியியல். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் ஆய்வுக்கூடத்தில் 20 வருஷத்துக்கு மேல் எண்ணெய் வித்துகளை ஆராய்ந்தார். பிறகு மும்பையிலும் மைசூருவிலும் உணவு, ஊட்டச்சத்து சார்ந்த பணிகள்.

எண்ணெயை ஆராய்ந்தவரின் கவனம், அதை ஆட்டிய செக்கு மீதும் திரும்பியது. மில்கள் வந்த பிறகு, மாடு பூட்டிய செக்குகள் ஊர் ஊராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. இந்தியச் செக்குகளைப் பற்றியே 1993-ல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார்.

70 வயதில் வந்த பெரிய புத்தகம்

1994-ல் இந்திய உணவின் வரலாற்றைச் சொல்லும் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 70-ஐ ஒட்டி. தொல்லியல் சான்றுகள், பழைய இலக்கியங்கள், வெளிநாட்டுப் பயணிகளின் குறிப்புகள், தாவரவியல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார். 1998-ல் உணவு வரலாற்று அகராதி ஒன்றையும் கொடுத்தார்.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர்கள் வழியாக வந்தவை. அதுக்கு முன்னாடி நம் குழம்புக்குக் காரம் கொடுத்தது மிளகு. நம் தட்டில் எது பழசு, எது புதுசு என்று அகர வரிசையில் தேடிப் பார்க்க வழி செய்தவர் அச்சயா.

இட்லி பற்றி என்ன சொன்னார்?

சுமார் கி.பி.920-ஐச் சேர்ந்த கன்னட நூலான வட்டாராதனையில் 'இட்டலிகே' வருகிறது. 12-ம் நூற்றாண்டு சமஸ்கிருத நூலான மானசோல்லாசத்திலும் இதைப் போன்ற பெயர் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் உளுந்துப் பண்டங்கள். அரிசி சேர்ப்பது, மாவைப் புளிக்க வைப்பது, ஆவியில் வேகவைப்பது ஆகிய மூன்றும் அந்தக் குறிப்புகளில் இல்லை.

இந்தோனேசியாவிலோ புளிக்க வைக்கும் உணவுப் பழக்கம் வலுவாக இருந்தது. அங்கே ஆண்ட இந்து மன்னர்களோடு வந்து போன சமையல்காரர்கள், 800 முதல் 1200-க்குள் இந்த முறையைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது அச்சயாவின் ஊகம். கவனிங்க, அது ஊகம்தான். அடித்துச் சொன்ன முடிவு இல்லை. ஃபார்வேர்டு மெசேஜ்களில் காணாமல் போவது இந்த வித்தியாசம்தான்.

எதிர்ப்பு என்ன?

இந்தோனேசியாவில் இட்லியின் மூதாதை இதுதான் என்று காட்ட உறுதியான ஆதாரம் இல்லை என்கிறார்கள் மறுப்பவர்கள். ஆவியில் வேகவைக்கத் தனிப் பாத்திரமே தேவையில்லை. பானை வாயில் துணி கட்டினால் போதும், நம்ம பாட்டிகள் செய்ததும் அதைத்தானே? சிலப்பதிகாரத்தில் புகார் வீதியில் வரும் 'காழியர்' என்பதற்கு, பிட்டு விற்பவர்கள் என்று உரைகாரர் பொருள் சொல்கிறார். பிட்டு ஆவியில் வேகும் பண்டம்.

அச்சயா 2002-ல் காலமானார். இட்லி விஷயத்தில் அவர் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அவரை மறுக்க வருபவர்களும் நூல், காலம், செய்முறை என்று ஆதாரத்தோடுதான் வர வேண்டியிருக்கிறது. அடுத்த மார்ச் 30-ல் சண்டைக்குப் போகும் முன், உங்க வீட்டுப் பெரியவர்களிடம் பழைய செய்முறைகளைக் கேட்டு எழுதி வையுங்க. நாளைக்கு அதுவும் ஓர் ஆதாரம்.