ஹென்ரியெட்டா ஸோல்டு அம்மையார்

பிறந்த நாட்டில் வாழ இடமின்றி அயல்நாடு புகுவோரின் இன்னல், கரை சேர்ந்த அன்றே தீர்ந்துவிடுவதன்று. மொழி அறியாமை, தொழில் அறியாமை, வழக்கம் அறியாமை ஆகிய மூன்றும் அவரைத் துறைமுகத்திலேயே எதிர்கொண்டு நிற்கும். இவற்றைப் பயணத்திற்கு முன்னரே கூடியமட்டும் நீக்கிவிடல் வேண்டும் என்னும் எண்ணத்தை, ஆயிரக்கணக்கான சிறார் பொருட்டுச் செயலில் நடத்திக் காட்டியவர் ஹென்ரியெட்டா ஸோல்டு அம்மையார். அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

அம்மையார் 1860-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் ஸோல்டு என்பவர். ஹங்கேரி தேசத்தினின்று வந்து அந்நகரில் யூத குருவாக விளங்கியவர். அவருக்குப் புதல்வியரே பிறந்தனர். அவருள் மூத்தவராகிய ஹென்ரியெட்டா, ஒரு மைந்தனுக்கு அக்காலத்தார் அளிக்கும் கல்வி முழுவதையும் தந்தையிடம் பெற்றார். 1877-இல் உயர்தரப் பாடசாலைப் படிப்பை வகுப்பில் முதலாவதாக நின்று முடித்து, பின்னர்ப் பல்லாண்டு உபாத்தியாயினியாக ஊழியஞ் செய்தார்.

1881-இல் ருஷியச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாந்தர் கொலையுண்டபின், அந்நாட்டு யூதர்மேற் கலகங்கள் மூண்டன. வீடிழந்து பொருளிழந்த பலர் கப்பலேறிப் பால்டிமோர் துறையில் வந்திறங்கினர். அவருள் கற்றோரும் இருந்தனர். ஆயினும் ஆங்கிலம் அறியாமையால் அவர்தம் கல்வி அங்கே செல்லாக் காசாயிற்று. இதனைக் கண்ட அம்மையார் 1889-இல் ஓர் இராப்பாடசாலையைத் தொடங்கினார். பகலெல்லாம் தையற்கூடங்களில் உழைத்தவர்கள் இரவில் வந்து ஆங்கிலமும் அமெரிக்க சரித்திரமும் பயின்றனர். 1898-இல் நகராட்சியார் அதனை ஏற்றுக்கொள்ளு முன், ஆயிரக்கணக்கானோர் அங்குப் பயின்று சென்றனர். பிற்காலத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வந்தேறியவர்க்கென எழுந்த இராப்பாடசாலைகளுக்கு அது முன்மாதிரிகளுள் ஒன்றாயிற்று.

1893 முதல் 1916 வரை அமெரிக்க யூத நூற்பதிப்புக் கழகத்தில் அம்மையார் பணியாற்றினார். 1909-இல் தாயாருடன் பலஸ்தீனம் சென்றபொழுது, அங்குள்ள குழந்தைகள் கண்நோயால் வருந்துதலைக் கண்டு மனமுருகினார். அதன் பயனாக 1912-இல் ஹதாஸா என்னும் மாதர் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே இரண்டு தாதியர் எருசலேமுக்கு அனுப்பப்பட்டனர். 1920-இல் அம்மையார் தாமும் அந்நாடு சென்று, வைத்தியத்திலும் சமூக ஊழியத்திலும் ஈடுபட்டார்.

எழுபது வயது கடந்தபின் ஓய்வு கொள்ள நினைத்திருந்த அவருக்கு 1932-இல் ஒரு வேண்டுகோள் வந்தது. பெர்லின் நகரத்து யூத குரு ஒருவரின் மனைவியார் ரேகா பிரையர் என்பவர், வேலையிழந்து திகைத்த இளைஞரைப் பலஸ்தீனத்திற்கு அனுப்பிக் குடியானவர்களாக்க எண்ணி, அம்மையாரின் துணையை நாடினார். அம்மையாரோ மறுத்துவிட்டார். உள்ளூர்க் குழந்தைகளுக்கே உணவும் பள்ளியும் போதாதிருக்க, தாய் தந்தையரைப் பிரிந்த சிறாரை எவர் பொறுப்பில் வாங்குவது என்பது அவர் கருத்து. பிரையர் அம்மையார் தளரவில்லை. அவ்வாண்டு அக்டோபர் மாதமே பன்னிருவர் கொண்ட ஒரு சிறு குழுவை வழியனுப்பி வைத்தார்.

1933-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ஆம் நாள் ஹிட்லர் ஜெர்மனியில் அதிகாரம் பெற்றார். ஏறக்குறைய 5 இலட்சம் யூதர் வாழ்ந்த அந்நாட்டில், அவர்தம் மக்களுக்குப் பள்ளியும் தொழிலும் ஒருங்கே அடைபடலாயின. நிலைமை மாறியதைக் கண்ட அம்மையார் தம் மறுப்பைக் கைவிட்டு, அவ்வாண்டிலேயே இளைஞர் அலியா என்னும் அவ்வியக்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அலியா என்பது ஏறிச் செல்லுதல் என்று பொருள்படும் எபிரேயச் சொல்.

இயக்கம் நடந்த முறை கவனிக்கத்தக்கது. முதலில் 15 முதல் 17 வயது வரையுள்ளோரே சேர்க்கப்பட்டனர். மருத்துவ சோதனையின் பின் அவர்கள் ஜெர்மனியிலேயே ஓர் ஆயத்த முகாமில் சில வாரம் தங்கினர். அங்கே எபிரேய மொழியும், மண்வெட்டி பிடித்தல் முதலிய பண்ணை வேலைகளும், பலரோடு கூடி வாழும் ஒழுங்கும் பயிற்றப்பட்டன. ஒரே குழுவாகப் பழகியோர் ஒரே குழுவாகவே புறப்பட்டனர். ஆதலின் புதிய நாட்டில் ஒருவருக்கொருவர் சுற்றமாயினர். சேர்ந்த பின்னரும் ஈராண்டுக் காலம் பாதி நாள் உழைப்பு, பாதி நாள் படிப்பு என்பது திட்டம்.

முதற்குழுவினர் 43 பேர். அவர்கள் 1934 பிப்ரவரியில் கர்மேல் மலையடியிலுள்ள ஹைபா துறையில் இறங்கியபொழுது அம்மையார் நேரில் நின்று வரவேற்றார். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஐன் ஹரோத் என்னும் பண்ணை. வேதத்தில் கிதியோன் பாளயமிறங்கியதாகச் சொல்லப்படும் ஆரோத் நீரூற்றின் பெயர் கொண்டது. நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் கில்போவா மலைச்சாரலில் ஏர் பிடிக்கக் கற்றனர். அதன்பின் குழுக்கள் வருந்தோறும் அம்மையார் துறைமுகம் செல்வதை வழக்கமாகக் கொண்டார். ஒவ்வொருவரைப் பற்றிய குறிப்பையும் படித்தறிந்தார்.

ஆயினும் இவ்வூழியத்தில் மனத்தை வருத்தும் பகுதியும் இருந்தது. பலஸ்தீனம் அன்று ஆங்கிலேயர் ஆளுகையில் இருந்தது. அவர் அளித்த அனுமதிச் சீட்டுகளோ அளவுக்குட்பட்டவை. ஒருவனைத் தெரிந்தெடுத்தல் மற்றொருவனை விடுத்தலாக முடிந்தது. வயது மிகுந்தோரும் உடல் நலிந்தோரும் பின்தங்கினர். பெற்றோர் தம் மக்களை ரயிலேற்றி விட்டுத் தாம் நின்றனர். அவருட் பலர் மீண்டும் தம் மக்களைக் காணவேயில்லை. 1939-இல் யுத்தம் மூளுமுன் ஏறக்குறைய 5,000 பேர் காப்பாற்றப்பட்டனர். சீட்டுக் கிடையாத சிலர் இங்கிலாந்து, டென்மார்க் முதலிய நாடுகளின் பண்ணைகளில் பயின்று காத்திருந்தனர்.

போலந்து தேசத்து யூதச் சிறார் பலர், ருஷியா வழியாக அலைந்து 1942-இல் பாரசீகத்துத் தெஹ்ரான் நகரை அடைந்தனர். பலர் பெற்றோரை இழந்தவர். பசியாலும் நோயாலும் நலிந்தவர். அங்கு அமைந்த முகாமிலும் எபிரேய மொழி கற்பிக்கப்பட்டது. அவருட் பெரும்பாலோர் கராச்சித் துறை வழியாகக் கடல் கடந்து, 1943 பிப்ரவரியில் பலஸ்தீனம் சேர்ந்தனர். எழுநூற்றுக்கு மேற்பட்ட அச்சிறாரை அம்மையார் தம் 82-ஆம் வயதில் எதிர்கொண்டார். அவர்களை எம்முறையில் வளர்ப்பது என்பதுபற்றி மதப்பற்றுடையோர்க்கும் ஏனையோர்க்குமிடையே கடும் பூசல் எழுந்தது. இரு திறத்தாரின் வசையையும் பொறுத்துக்கொண்டு, சிறாரின் பிறந்தகத்து வழக்கத்தையும், வயது வந்தோர்க்கு அவரவர் விருப்பத்தையும் ஆராய்ந்து இடமமைக்க அவர் முயன்றார்.

தம்மவர் குடியேறும் நாட்டில் முன்னரே வாழும் அராபியரை அவர் மறந்தாரல்லர். இரு சமூகத்தாரும் ஒரே அரசின்கீழ்ச் சமமாக வாழ வேண்டுமென விழைந்து, 1942-இல் யூதா மாக்னெஸ், மார்ட்டின் பூபர் முதலியோருடன் இஹூத் என்னும் சங்கத்திற் சேர்ந்தார். தம்மவருட் பலர் அதனை வெறுத்தும் அவர் பின்வாங்கவில்லை. அவ்விருப்பம் நிறைவேறவில்லை. அவர் மறைந்து மூன்றாண்டுகளில் மூண்ட யுத்தத்தில் பல இலட்சம் அராபியர் வீடிழந்து அகதிகளாயினர் என்பதையும் சரித்திரம் கூறுகின்றது.

அம்மையார் 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13-ஆம் நாள் எருசலேமில் உயிர் துறந்தார்; ஒலிவமலையில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் மணம் புரியாதவர், மக்கட்பேறு இல்லாதவர். யூதர் வழக்கப்படி மைந்தன் கூறவேண்டிய பிரார்த்தனையை, இளைஞர் அலியா வழியாக வந்த ஒரு சிறுவன் கூறினான்.

இராப்பாடசாலையில் அவர் தொடங்கிய பணியும் ஆயத்த முகாம்களில் அவர் நடத்திய பணியும் ஒன்றே. முன்னது வந்திறங்கியோர்க்குக் கற்பித்தது. பின்னது புறப்படுவோர்க்கே கற்பித்தது. கற்பித்தலை வாழ்வின் தொழிலாகக் கொள்ளவிருக்கும் நம் மாணவ மாணவியர், கல்வி என்பது இடர்ப்பட்டோர் கையில் உணவுக்கு அடுத்தபடி கொடுக்கத்தக்க பொருள் என்பதை இவ்வம்மையாரின் வாழ்விற் கண்டுகொள்வாராக.