நாமக்கல் கவிஞரும் மலைக்கள்ளனும்

கொங்கு நாட்டின்கண் காவிரிக்கரையில் அமைந்த மோகனூரில், 1888ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் வெ. இராமலிங்கம் பிள்ளை தோன்றினார். தந்தையார் வெங்கடராம பிள்ளை காவல் இலாகாவில் ஊழியம் புரிந்தவர். தாயார் அம்மணி அம்மாள். நாமக்கல்லிலும் கோயமுத்தூரிலும் பள்ளிக் கல்வி கற்ற இவர், பின்னர்த் திருச்சிராப்பள்ளிப் பிஷப் ஹீபர் கல்லூரியிற் பயின்றார். இளமையில் இவர் மிகவும் விரும்பியது தூரிகையையே. ஓவியத்தாற் பொருளும் புகழும் ஈட்டினார்.

நாட்டின் நிலைமை அவரைச் சித்திரத் தொழிலோடு அமைந்திருக்க விடவில்லை. திலகர்பால் ஈடுபட்டிருந்த அவருள்ளம் காந்தியடிகளின் அறநெறியைச் சார்ந்தது. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் உப்பெடுக்க வேதாரணியம் நோக்கி நடந்தபோது, ஆயுதமற்ற அப்போருக்கு வழிநடைப் பாட்டு அளித்தவர் இவரே. விடுதலைக்காகச் சிறையும் புகுந்தார்.

இத்தகையார் ஒரு கள்ளனைத் தலைவனாக்கி நாவல் எழுதினார் என்பது வியப்பன்றோ? அதுவே 'மலைக்கள்ளன்'. வேடம் பல புனைந்து, கொடிய செல்வரின் பொருளைக் கவர்ந்து, எளியோர்க்கு உதவுகின்றான் அவன். காவலர் ஒருவரின் மைந்தர், காவலர் தேடும் ஒருவனிடம் நீதியைக் கண்டார்! கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு, எம்.ஜி.ஆரைத் தலைவனாகக் கொண்டு 1954இல் இக்கதையைப் படமாக்கினார். மு. கருணாநிதி உரையாடல் எழுதிய அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. பிற மொழிகளிலும் எடுக்கப்பட்டது.

அமெரிக்கச் சித்திரக் கதைகளில் 1938இல் தோன்றிய சூப்பர்மேனும் மலைக்கள்ளனுக்கு உறவினனே. அவனும் வேடம் மாறுபவன். மனைவியை வருத்துவோனையும், பாதுகாப்பற்ற சுரங்கத்தில் தொழிலாளரை இறக்கிய முதலாளியையும் தொடக்கக் காலத்திலேயே திருத்தியவன்.

இவ்வகைக் கதைகளாற் சமூகக் குறை நீங்குமோ எனின், வீரன் ஒருவன் வருவான் என்று காத்திருப்பார்க்கு அவை மயக்க மருந்தேயாம். கள்ளன் கொடுத்த பொருள் செலவாகிவிடும். பறிக்க இடந்தந்த முறையோ மாறாது நிற்கும். ஆயினும், சட்டத்தின் நிழலிலும் கொடுமை வாழக்கூடும் என்பதை எழுத்தறியாதாரும் உணருமாறு செய்தல் சிறு தொண்டன்று. அநீதியை அநீதியென்று கண்டபின்னரன்றோ மக்கள் அதனை எதிர்க்க எழுவர்? மலைக்கள்ளன் செய்யத்தக்கது அம்மட்டே. எஞ்சியதைச் செய்தவர், முகமூடியின்றிப் பகலில் உப்பெடுக்க நடந்த எளிய மக்களே. இவ்விரண்டிற்கும் கவிஞரின் எழுதுகோல் பயன்பட்டது.

1949இல் சென்னை அரசாங்கத்தின் ஆஸ்தான கவியாகவும், 1971இல் பத்ம பூஷண் விருதினராகவும் சிறப்புற்ற அன்னார், 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் மறைந்தார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

மாணவ நண்பர்களே! வீரர் கதைகளை விரும்பிப் படியுங்கள். நூலை மூடியபின், நம்மூரில் அவ்வீரனுக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வேலை நம்முடையதே.