வடாலா தொழுநோய்க் காப்பகத்தில் எரிந்த முதல் உயிரி எரிவாயு: ஆணையர் ஆக்வொர்த்தின் வாழ்க்கை

மும்பை: மும்பை வடாலாவில் மாநகராட்சி நடத்திவரும் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை, 1890ஆம் ஆண்டு வீடற்ற தொழுநோயாளிகளின் காப்பகமாகத் தொடங்கப்பட்டது. அந்நாளில் அதன் பெயர் மாதுங்கா தொழுநோய்க் காப்பகம். அங்கு தங்கியிருந்தவர்களின் கழிவிலிருந்து வெளிவந்த வாயுவைச் சேகரித்து, அதைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டினர். 1897ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்த முயற்சியே, இந்தியாவில் உயிரி எரிவாயு பயன்பாட்டின் தொடக்கமாக உலகெங்கும் இத்துறை நூல்களில் குறிப்பிடப்படுகிறது.

மருத்துவமனை இன்று தாங்கி நிற்கும் பெயருக்கு உரியவர் ஹாரி ஆர்பத்நாட் ஆக்வொர்த். அவர் பொறியாளரும் அல்லர், வேதியியல் அறிஞரும் அல்லர். எரிவாயு எடுக்கவேண்டும் என்ற நோக்கம் அவருக்கு இருந்ததாகவும் சொல்ல இயலாது. ஊர் ஒதுக்கிய மனிதர்களுக்காக அவர் பொதுப் பணத்தில் எழுப்பிய கட்டடமும், அதைச் சூழ்ந்த நிலமும், பின்னால் வந்தவர்களுக்கு ஆய்வுக்களமாக அமைந்தன.

மராத்தியப் பாடல்களைத் தேடிய அதிகாரி

1849ஆம் ஆண்டு பிறந்த ஆக்வொர்த், இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து பம்பாய் மாகாணத்தில் பணியாற்றினார். மராத்தி மொழியை ஆழ்ந்து கற்றார். ஊர் ஊராகப் பாடகர்கள் பாடிவந்த போவாடா என்னும் வரலாற்றுக் கதைப்பாடல்கள் அவரைக் கவர்ந்தன. சங்கர் துக்காராம் சாலிகிராம் என்ற மராத்தி அறிஞருடன் இணைந்து அப்பாடல்களைத் திரட்டி, 1891இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் சிலவற்றை ஆங்கிலச் செய்யுளாக மொழிபெயர்த்து 1894இல் மற்றொரு நூலையும் வெளியிட்டார். வாய்மொழியாகவே வாழ்ந்துவந்த பாடல்கள் பல அச்சேறியதில் அவருக்கும் பங்குண்டு.

இந்த இலக்கியப் பணி நடந்த காலத்தில்தான் அவர் பம்பாய் நகரின் நிர்வாகத்தையும் சுமந்தார். 1890 முதல் 1895 வரை அவர் பம்பாய் மாநகராட்சி ஆணையர். 1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் நகர நிர்வாகத்தின் செயல் அதிகாரத்தை ஆணையரின் கையில் வைத்திருந்தது. குடிநீர், வடிகால், குப்பை, நோய்த்தடுப்பு ஆகிய அனைத்தும் அவர் மேசைக்கே வந்தன.

அவர் பதவியில் இருந்தபோது, 1892இல், தான்சா ஏரியின் நீர் பம்பாய்க்கு வந்தது. நகருக்குள் வரும் நீர் பெருகியபோது, வெளியேற வேண்டிய கழிவுநீரும் பெருகியது. வடிகால்கள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. கழிவை என்ன செய்வது என்ற கேள்வி, அடுத்த பல ஆண்டுகளுக்கு மாநகராட்சிப் பொறியாளர்களை விடாமல் தொடர்ந்தது.

அச்சத்தில் எழுந்த காப்பகம்

ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய பாதிரியார் தாமியன், அதே நோயால் 1889 ஏப்ரல் மாதம் இறந்தார். அச்செய்தி உலகெங்கும் அச்சத்தைப் பரப்பியது. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்திருந்தார். ஆனால் அது எவ்வாறு பரவுகிறது என்பதும், எதனால் குணமாகும் என்பதும் எவருக்கும் தெரியவில்லை. பம்பாய் வீதிகளிலும் கோயில் வாயில்களிலும் பிச்சையெடுத்து வாழ்ந்த தொழுநோயாளிகளை நகரிலிருந்து அகற்றவேண்டும் என்ற குரல் வலுத்தது.

அந்தக் கோரிக்கையை ஏற்றுச் செயல்பட்டவர் ஆக்வொர்த். மாநகராட்சிச் சட்டத்தில் இருந்த தொற்றுநோய்ப் பிரிவுகளின் துணையோடு, வீடற்ற நோயாளிகளைத் தெருக்களிலிருந்து அப்புறப்படுத்த வழிவகுத்தார். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார். அன்று நகரின் வடக்கு ஓரமாக, வயலும் உப்பளமுமாகக் கிடந்த மாதுங்கா பகுதியில் காப்பகம் எழுந்தது.

அங்கு வந்தவர்களுக்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் கிடைத்தன. அதற்கு ஈடாக அவர்கள் இழந்தது, விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையை. பலருக்கு அந்த நுழைவு விருப்பத்தால் நேர்ந்ததன்று. 1890-91இல் இந்தியா வந்த தொழுநோய் ஆணையம், இந்நோய் அஞ்சிய அளவுக்குத் தொற்றக்கூடியதன்று என்ற முடிவுக்கு வந்தது. ஆயினும் வறிய நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதில் ஆக்வொர்த் உறுதியாக இருந்தார். ஏழை நோயாளிகளை அடைத்துவைக்க இடமளித்த தொழுநோயாளிகள் சட்டம் 1898இல் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டது. ஆக்வொர்த்தின் வாழ்க்கையைப் பேசும்போது அவரது கருணையையும் இந்தக் கட்டாயத்தையும் பிரித்துப் பார்க்க இயலாது.

கழிவே உரமாகவும் எரிபொருளாகவும்

காப்பகம் வெறும் தங்குமிடமாக நின்றுவிடவில்லை. அதை ஒட்டிய நிலத்தில் கழிவுநீரைப் பாய்ச்சிப் பயிர்செய்யும் பண்ணை அமைந்தது. கழிவை அப்புறப்படுத்தும் செலவைக் குறைத்து, அதையே விளைச்சலுக்கான உரமாக மாற்றுவது அன்றைய நகர நிர்வாகங்கள் பலவும் முயன்றுபார்த்த வழி. மாதுங்காவில் அதற்கு நிலமும் இருந்தது, ஒரே இடத்தில் நாள்தோறும் சேரும் கழிவும் இருந்தது.

1895இல் ஆக்வொர்த் ஆணையர் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டில், இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்டு கேமரூன் என்ற பொறியாளர், காற்றுப் புகாத தொட்டியில் கழிவுநீரைத் தேக்கித் தூய்மைப்படுத்தும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். செப்டிக் டேங்க் என்று இன்று நாம் அழைப்பது அதுவே. அத்தொட்டியில் உருவான வாயுவைக் கொண்டு அவர் விளக்கும் ஏற்றிக் காட்டினார்.

அந்தச் செய்தி பம்பாய்க்கு எட்டாமல் இல்லை. 1896 செப்டம்பரில் நகரில் பிளேக் நோய் தோன்றியபின், கழிவகற்றல் உயிர் காக்கும் வேலையாக மாறியது. மாநகராட்சியின் வடிகால் பணியில் இருந்த பொறியாளர் சி. கார்கீட் ஜேம்ஸ், மாதுங்கா காப்பகத்தில் இப்புதிய முறையைச் சோதித்தார். தொட்டிகளில் வாயுவைச் சேர்க்கும் அமைப்புகள் பொருத்தப்பட்டன. சேர்ந்த வாயு இயந்திரத்தை ஓட்டியது, விளக்குகளுக்கும் பயன்பட்டது. கீழை நாடுகளின் வடிகால் சிக்கல்களைப் பற்றி ஜேம்ஸ் எழுதிய நூல் 1906இல் வெளிவந்தது.

இதன் செயல்முறை எளியது. காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் கழிவிலுள்ள கரிமப் பொருளைப் படிப்படியாகச் சிதைக்கின்றன. முதலில் சிக்கலான பொருள்கள் கரைந்து அமிலங்களாகின்றன. பின்னர் வேறு நுண்ணுயிரிகள் அவற்றை மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. வெளிவரும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். எஞ்சும் குழம்பில் தழைச்சத்து அழியாமல் தங்குவதால் அது நல்ல உரமாகிறது. இந்த நுண்ணுயிரிகள் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சிறப்பாக இயங்குகின்றன. குளிர்நாடுகளில் தொட்டியைச் சூடேற்றவேண்டிய தேவை இருக்க, மும்பையின் தட்பவெப்பமே இங்கு அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இந்தியாவின் முதல் உயிரி எரிவாயு அமைப்பு பம்பாய்த் தொழுநோய்க் குடியிருப்பில் 1859இல் அமைந்தது என்ற குறிப்பு இன்றும் பல கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. மாதுங்கா காப்பகமே 1890இல்தான் தோன்றியது. ஆகவே அந்த ஆண்டு இக்காப்பகத்துக்குப் பொருந்தாது. பிழையான அந்த ஆண்டு பரவிய அளவுக்கு, ஆக்வொர்த், ஜேம்ஸ் ஆகியோரின் பெயர்கள் பரவவில்லை. கழிவும் உழைப்பும் தந்த நோயாளிகளின் பெயர்களோ எந்த நூலிலும் இல்லை.

எல்கரின் இசைக்குச் சொல் தந்தவர்

தாம் தொடங்கிய காப்பகத்தில் இயந்திரம் ஓடியபோது ஆக்வொர்த் இந்தியாவில் இல்லை. இங்கிலாந்தின் மால்வர்ன் பகுதியில் குடியேறியிருந்தார். அங்கு அவருக்கு அண்டைவீட்டார் போல் பழகக் கிடைத்தவர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் எட்வர்டு எல்கர். 1896இல் அரங்கேறிய கிங் ஓலாஃப் என்ற இசைப்படைப்பில், அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் செய்யுளோடு ஆக்வொர்த்தின் வரிகளும் சேர்ந்தன. 1898 அக்டோபரில் லீட்ஸ் இசைவிழாவில் அரங்கேறிய கராக்டகஸ் படைப்புக்கு உரைவரிகளை அவரே எழுதினார். மராத்தியக் கதைப்பாடல்களில் ஊறிய அதிகாரி, ரோமானியரை எதிர்த்து நின்ற பிரித்தானிய அரசனின் கதையைப் பாடலாக்கினார்.

1933இல் அவர் காலமானார். அதற்குள் மாதுங்கா வேறு ஊராகியிருந்தது. பிளேக் நோய்க்குப்பின் 1898இல் உருவான பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாதுங்கா, வடாலா பகுதிகளைத் திட்டமிட்ட குடியிருப்புகளாக்கியது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறின. ஒருகாலத்தில் நகருக்கு வெளியே என்று கருதப்பட்ட காப்பகம், நகரின் நடுவே வந்துநின்றது.

மாதுங்காவுக்குப் பின்

மாதுங்கா சோதனையை அரசு உடனே கைக்கொண்டு வளர்க்கவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1930களின் பிற்பகுதியில்தான் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் ஆய்வை முறையாக நடத்தினார். 1951இல் ஜஷ்பாய் பட்டேல் கிராமலட்சுமி என்ற கலன் அமைப்பை உருவாக்கினார். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையம் 1960களின் தொடக்கத்தில் மிதக்கும் மூடி கொண்ட கலனைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. 1981-82இல் தேசிய உயிரி எரிவாயுத் திட்டம் தொடங்கியது.

ஆக்வொர்த் மறைந்த அதே 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதித் தொழில்நுட்பத் துறை உருவாகி, 1943இல் மாதுங்கா வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. வேதித் தொழில்நுட்ப நிறுவனம் என்று இன்று பெயர்பெற்றுள்ள அந்த வளாகம், வடாலா மருத்துவமனைக்கு அருகிலேயே உள்ளது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை அளித்த நிதியில், உயிரி ஆற்றலுக்கான ஆய்வு மையம் அங்கு 2008இல் அமைந்தது. வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற வேளாண் கழிவுகளிலிருந்து எத்தனால் எடுக்க அம்மையம் உருவாக்கிய தொழில்நுட்பம், 2016இல் உத்தராகண்டின் காசிப்பூரில் நாளொன்றுக்கு 10 டன் கழிவைக் கையாளும் செயல்விளக்க ஆலையாயிற்று.

இத்தகைய ஆலைகளுக்கு உதவ, 2019இல் மத்திய அமைச்சரவை பிரதமர் ஜீ-வன் திட்டத்துக்கு 1,969.50 கோடி ரூபாயை ஒப்புதலளித்தது. ஆய்வகத்தில் வென்ற முறை ஆலையாக உயரும் இடைவெளியில் தனியார் முதலீடு தயங்குகிறது என்பதே இந்த நிதிக்கான காரணம். கழிவைத் திரட்டுவதும் சுமந்துவருவதும் செலவு மிக்கவை. விளையும் பயனோ பல ஆண்டுகள் கழித்தே தெரியும். மாதுங்கா காப்பகத்தில் அந்த இடைவெளியை நிரப்பியது மாநகராட்சிப் பணம். தொட்டி கட்டப்பட்டது சுகாதாரத்துக்காக. எரிவாயு அதன் உபரியாகக் கிடைத்தது. சுகாதாரச் செலவோடு அச்சோதனை நின்றுபோனதால், அதிலிருந்து கிடைத்த அறிவு நாட்டின் ஆய்வாக வளர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

தொழுநோய்க்கு இன்று பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் சிகிச்சை உண்டு. நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை. வடாலா மருத்துவமனையில் நோயின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும் இயங்குகிறது. ஆக்வொர்த்தின் காலத்தில் பிறந்த 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளிகள் சட்டம், காசிப்பூர் ஆலை திறக்கப்பட்ட அதே 2016இல் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது.