விலங்கு நீக்கியோர்

விலங்கியல் பயிலும் எனக்கு, விலங்கு என்னும் சொல்லுக்குத் தளை என்ற பொருளும் உண்டென்பதை ஆழ உணர்த்தியது, மனநல மருத்துவத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் பிலிப் பினெலின் வரலாறு.

1745ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், தென் பிரான்சில் அறுவை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பினெல். துலூஸ் நகரில் மருத்துவப் பட்டம் பெற்று 1778இல் பாரிஸ் மாநகர் சேர்ந்தார். அப்பட்டத்தைக் கொண்டு அங்கே தொழில் நடத்த இயலவில்லை. கணிதம் கற்பித்தும் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தும் காலந்தள்ளினார். அந்நாளில் அவருடைய இளம் நண்பர் ஒருவர் மனநோயுற்று, காட்டுக்குள் ஓடி மாண்டார். அத்துயரமே அவரை மனநோய் ஆராய்ச்சியின்பால் திருப்பியது.

1793இல் பிசேத்ர் மருத்துவமனையின் மருத்துவரானார். அங்கே மனநோயாளர் பலர் சங்கிலியில் கிடந்தனர். அவர்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர் ஷான் பாப்திஸ்த் புஸ்ஸேன். தோல் பதனிடும் தொழிலாளி அவர். கழுத்துக் கழலை நோய்க்கு மருத்துவம் பெற வந்து, குணமான பின் அங்கேயே பணியில் அமர்ந்தவர். நோயாளியை எவரும் அடிக்கலாகாது என விதித்தார். நலம் பெற்றவர்களையே பணியாளராக அமர்த்தினார். பட்டதாரி பினெல், பட்டமில்லாத அந்த மனிதரிடம் மாணவராக இருந்து கற்றார். நோயாளிகளிடம் நாள்தோறும் உரையாடினார். அவர்கள் நடத்தையைக் குறித்து வைத்தார். அன்பும் ஒழுங்கும் உழைப்பும் மருந்தாகும் எனக் கண்டார்.

பினெலே பிசேத்ரில் சங்கிலிகளை அறுத்தெறிந்தார் எனப் பலரும் கூறுவர். உண்மை வேறு. 1795இலேயே அவர் சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கு மாறிவிட்டார். பிசேத்ரில் 1797இல் சங்கிலிகளை நீக்கியவர் புஸ்ஸேன். பின்னர் சால்பெத்ரியேரிலும் அவை நீங்கின. 1802இல் புஸ்ஸேனும் அங்கே வந்து சேர்ந்தார். பினெலோ தம் நூலில் அவருடைய திறமையை மனமாரப் பாராட்டியுள்ளார். ஆயினும் 1876இல் தீட்டப்பட்ட புகழ்பெற்ற ஓவியத்தின் நாயகர் பினெலே! 1826 அக்டோபர் 25இல் அவர் மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். ஆதலால் புஸ்ஸேனின் பெயர் என் நெஞ்சில் தனியிடம் பெற்றுவிட்டது. நோயாளியாய் வந்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்ததால் அன்றோ பிறர் தளையும் அறுந்தது!

அத்தளை அந்நிய நாட்டுப் பழங்கதையன்று. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக் காப்பகமொன்றில் பற்றிய தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் உயிரிழந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுத்துள்ளது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுக்கும். ஏளனச் சொல்லை யார் அறுப்பது? நலம் பெற்றுத் திரும்புபவருக்கு வகுப்பில் ஓர் இடம், பட்டறையில் ஒரு வேலை, பந்தியில் ஓர் இலை தருவோம். படித்தவர் நாம் செய்யத்தக்க பணி அதுவே, தோழர்களே!